கஸ்தூரி அக்கா கொடுக்காத செடி

ஜூலை 5, சனி

காலையிலிருந்து காற்று. வேப்பமரம் பக்கத்து வீட்டுக்காரர்களுடையது, சருகு மட்டும் நம்முடையது. கூட்டி முடித்து நிமிர்ந்தால் மறுபடி ஒரு கூடை.

எங்கள் செடிக் குழு இருபதாம் தேதி என் வீட்டுக்கு வருகிறது. மாதம் ஒரு வீடு என்று முறை. போய்ப் பார்ப்பது, வாய் நிறையப் பாராட்டுவது, வடை சாப்பிடுவது, தெருமுனை திரும்பியதும் குறை சொல்வது. நானும் அப்படித்தான் செய்துவந்திருக்கிறேன். இப்போது என் முறை.

பிரச்சினை கிழக்குச் சந்து. வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் உள்ள நீளத் துண்டு நிலம். காலையில் கொஞ்சம் வெயில், அப்புறம் நாள் முழுக்க வேம்பின் ஓட்டை நிழல். பூச்செடி எதை வைத்தாலும் வெளிச்சம் தேடி நெடுநெடுவென்று நீள்கிறது, மொட்டு மட்டும் வைப்பதில்லை. அதனால் பூவை விட்டாயிற்று. இனி இலைதான் பூ.

இப்போது இருப்பவை:
சுவரோரம் – சிவப்புக் கார்டிலைன், உயரமான டிரசீனா.
நடுவில் – மஞ்சள் புள்ளிக் குரோட்டன், செம்பு நிற அகலிபா, கோல்டன் துரந்தா.
முன்னால் – ரியோ (அடிப்பக்கம் ஊதா, அதைப் பார்க்கக் குனிய வேண்டும்), வெள்ளைக் கலாடியம்.

துரந்தா சரிப்படாது. அழகர்கோவில் ரோட்டு நர்சரியில் வெயிலில் நின்றபோது பொன் மாதிரி தகதகத்தது. இங்கே நிழலுக்கு வந்ததும் சாதாரணப் பச்சை. நர்சரிக்காரர் மேல் தப்பில்லை, நான் நிழல் என்று சொல்லவே இல்லை. குரோட்டனும் நிறம் மங்குகிறது. வெயில் படும் முனைக்கு மாற்ற வேண்டும்.

இவர் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார். எல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது என்றார். ஓவிய டீச்சரோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்திய மனிதர்.

என்ன குறை என்று எனக்குத் தெரிகிறது. வெள்ளை உண்டு, சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு. கருமை இல்லை. வெளிச்சம் தெரிய வேண்டுமென்றால் பக்கத்தில் இருட்டை வையுங்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறேன். கலாடியத்தின் வெள்ளைக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒன்று வேண்டும். அது எந்தச் செடி என்றும் தெரியும், யாரிடம் இருக்கிறது என்றும் தெரியும்.

ஜூலை 6, ஞாயிறு

மேகம் கூடிக் கலைந்தது. மழை இல்லை.

கஸ்தூரி அக்கா வீட்டுக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளி. குழுவில் அக்காதான் மூத்தவர், தலைவி மாதிரி. அவர் சொன்னால்தான் உரம் உரம், மண் மண்.

அந்தக் கோலியஸ் இன்னும் செழித்திருக்கிறது. பழுத்த நாவல்பழ நிறம், கிட்டத்தட்டக் கறுப்பு. இலை ஓரத்தில் மட்டும் புடவைக் கரை மாதிரி மெல்லிய கிளிப்பச்சை. எந்த நர்சரியிலும் பார்த்ததில்லை. விதை விழுந்து தானாக முளைத்ததாம். குழுவில் அதற்குப் பெயரே கஸ்தூரி அக்கா செடி. ஒரே தொட்டிதான். மற்றதையெல்லாம் கேட்குமுன் ஒடித்துக் கொடுப்பவர், இதை மட்டும் யாருக்கும் ஒரு நுனி தந்ததில்லை.

மறுபடியும் கேட்டேன். இப்படிப் போய் நிற்பது முதல் தடவை அல்ல. அக்கா சிரித்தார். "ஒனக்குக் குடுத்தா தண்ணி ஊத்தியே கொன்னுருவ வாசுகி" என்றார். முன்பு அவர் கொடுத்த கலாடியக் கிழங்குகளை நான் அழுக வைத்தது உண்மை. இருந்தாலும் பக்கத்தில், குழுவில் அக்காவோடு நெருக்கமான ஜெயந்தி உட்கார்ந்திருந்தாள். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். முகம் எரிந்தது. டீயைக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

வழியெல்லாம் திட்டு, மனதுக்குள். கருமி. என்ன, போகும்போது கூடவே கொண்டு போகப் போகிறாளா. அக்கா என்றுதான் வாயில் வரும், மனதுக்குள் இப்படி. இங்கே யார் பார்க்கப் போகிறார்கள் என்று எழுதி வைக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கஸ்தூரி அக்கா இறந்துவிட்டார்.

காலையில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தாராம். அவர் வீட்டுக்காரர் ராமசாமி அண்ணன் ஆட்டோ பிடித்துவருவதற்குள் முடிந்துவிட்டது. ஜெயந்தி போன் செய்தபோது எட்டாம் வகுப்பில் பந்துக்கு நிழல் தீட்டச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்து அவர்களாகவே பென்சிலைக் கீழே வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை எழுதியதைத் திரும்பப் படித்தேன். கிழிக்கலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை.

ஒரே மகள் நித்யா. கோயம்புத்தூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்துகொண்டிருக்கிறாள். நாளை எடுக்கிறார்கள்.

ஜூலை 9, புதன்

சுள்ளென்று வெயில்.

எழுதவேண்டுமா என்று வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். எழுதாவிட்டால் செய்யவில்லை என்று ஆகிவிடாது.

காலையிலேயே போய்விட்டேன். வாசலில் பந்தல், நாற்காலிகள், கூடத்தில் ஐஸ் பெட்டி. அக்கா முகம் தூங்குகிற மாதிரி. நன்றாக அழுதேன். அது பொய் இல்லை, அதை மட்டும் எனக்காகச் சொல்லிக்கொள்கிறேன். நித்யா என் தோளில் சாய்ந்து, சித்தி சித்தி என்று அரற்றினாள். மதியம் எடுத்தார்கள். கொட்டுச் சத்தம் தெருவைத் தாண்டியதும் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தோம்.

துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் போக வேண்டும். வழியனுப்ப யாரும் வர மாட்டார்கள், யார் போகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். வாசலில் கூட்டமாக இருந்தது, அதனால் பக்கவாட்டில் போனேன். இல்லை. வாசலில் அப்படி ஒன்றும் கூட்டமில்லை. பக்கவாட்டில் செடிகள் இருந்தன, அதனால் போனேன்.

பந்தல் போட்டவர்கள் இடம் வேண்டுமென்று தொட்டிகளையெல்லாம் தூக்கி மாடிப்படியில் அடுக்கியிருந்தார்கள். பாதி மொட்டை மாடிக்கே போய்விட்டது. படித் திருப்பத்தில் அது நின்றது. நகத்தால் கிள்ளினேன், நுனியில் நல்ல தண்டாகப் பார்த்து. பார்த்துக் கிள்ளினேன் என்பதுதான் கேவலம், அந்த நேரத்திலும் எந்தக் கணுவில் கிள்ளினால் வேர் விடும் என்று யோசித்திருக்கிறேன். ஈரக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டேன். அழுது துடைத்த அதே கைக்குட்டை.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப் பக்கம் போய்த் தலைக்கு ஊற்றிவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். நான் முதலில் தொட்டது ஒரு காலி பாட்டிலை. தண்ணீர் பிடித்து, தண்டைச் செருகி, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, அதற்குப் பிறகு குளித்தேன்.

கேட்டு வாங்கின செடி பிடிக்காது, கேட்காமல் கிள்ளினதுதான் வேர் பிடிக்கும் என்று குழுவில் எல்லோரும் சொல்வோம். சொல்லிச் சிரிப்போம். எல்லோருமே யார் வீட்டுக் காம்பவுண்டிலாவது கை நீட்டியவர்கள்தான். ஆனால் பாடை வாசலை விட்டுப் போன கையோடு யாரும் நீட்டியிருக்க மாட்டார்கள்.

ஜூலை 12, சனி

தண்டு வாடவில்லை. பாட்டிலைக் குளியலறை ஜன்னலில் வைத்திருக்கிறேன், சமையலறையில் வைத்தால் இவர் கேட்பார் என்று. தினமும் அதன் முன்னால் நின்றுதான் முகம் கழுவுகிறார், இன்னும் கேட்கவில்லை.

இருபதாம் தேதியைத் தள்ளி வைக்கலாமா என்று குழுவில் ஒருத்தி கேட்டாள். நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். உங்கள் விருப்பம் என்று மட்டும் போட்டேன். கஸ்தூரி இருந்தால் நடத்தத்தான் சொல்லியிருப்பாள் என்று ஜெ. எழுதினாள். எல்லோரும் சரி என்றார்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். உள்ளுக்குள் நிம்மதி.

வேலைகள்: துரந்தா மாடிக்குப் போயாயிற்று. குரோட்டன் சந்தின் முனைக்கு. அகலிபாவை ஒட்ட வெட்ட வேண்டும், புதுத் துளிர்தான் நல்ல செம்பு நிறம். கலாடியத்துக்குத் தண்ணீரைக் குறை. குறை. குறை. உளுந்து வாங்க.

ஜூலை 16, புதன்

வேர் விட்டுவிட்டது. வெள்ளையாக, மயிரிழை மாதிரி. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தேன். அப்படியே கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சிரிப்பை நிறுத்தினேன்.

அக்கா வீட்டுக்கு அதன் பிறகு போகவே இல்லை. தினமும் யாராவது போய்ச் சாப்பாடு கொடுத்துவிட்டு, நித்யாவோடு உட்கார்ந்துவிட்டு வருகிறார்கள். எனக்குப் பள்ளியில் வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறேன். ஓவிய டீச்சருக்கு என்ன அப்படி வேலை என்று யாரும் கேட்கவில்லை. பாவம், நம்புகிறார்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. பள்ளியிலிருந்து வரும்போது பசுமலை ரோட்டில் புழுதி, கண்ணைத் திறக்க முடியவில்லை.

நட்டுவிட்டேன். கலாடியத்துக்கும் அகலிபாவுக்கும் நடுவில், ரியோவுக்குக் கொஞ்சம் பின்னால். சின்னக் கன்றுதான். ஆனால் நட்டு, எழுந்து, நாலு எட்டுப் பின்னால் வந்து பார்த்தபோது சந்தே மாறியிருந்தது. கலாடியத்தின் வெள்ளை விளக்குப் போட்ட மாதிரி எழுந்து நின்றது. அகலிபாவின் செம்பு இன்னும் சூடானது. அந்த மெல்லிய கிளிப்பச்சைக் கரை, முனையில் இருக்கும் குரோட்டனின் மஞ்சளைப் போய்த் தொடுகிறது. இத்தனை நாள் தனித்தனியாக நின்றவை இப்போது ஒரு குடும்பம். வேம்பின் நிழல் அசையும்போதெல்லாம் கறுப்பு ஊதாவாகிறது, ஊதா மறுபடி கறுப்பாகிறது. ரொம்ப நேரம் நின்றேன். அக்காவிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது, அப்புறம்தான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் டிரசீனாவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கலாம். ஒரு வாளியைக் கவிழ்த்தாலும் போதும். நாளை பார்க்கலாம்.

ஜூலை 20, ஞாயிறு

ஒளித்து வைக்கவில்லை. காலையில் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். அதை மூடினால் சந்து மறுபடி செத்துப்போகிறது. வாளியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

வந்தார்கள். சந்தில் நுழைந்ததும் பேச்சு நின்றது. அழகாக இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, நிஜமாகவே பார்த்தார்கள். எனக்குக் காது வரை சிரிப்பு. அப்போது ஜெ. குனிந்தாள்.

"இது கஸ்தூரி செடியில்ல?"

எல்லோரும் குனிந்தார்கள். ஜெ. கண்ணில் சந்தேகம் இல்லை, ஆச்சரியம் மட்டும்தான். உண்மையைச் சொல்ல ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சில் நான் சொன்னது: "நீ இருந்தீல்ல, அதுக்கு மறுநா. அக்காவே கூப்பிட்டுக் குடுத்தாங்க."

மறுநாள் என்றால் திங்கள்கிழமை. அக்கா இறந்தது செவ்வாய். சொன்ன பிறகுதான் கணக்குப் புரிந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. ஜெ. வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். உன்னைக் கேலி செய்தது அவளுக்கு மனதை அறுத்திருக்கும், அதனால்தான் மறுநாளே கூப்பிட்டிருக்கிறாள் என்றாள். ஒவ்வொருத்தியாக வந்து இலையைத் தொட்டார்கள், பிரசாதம் தொடுகிற மாதிரி. என் கையையும் பிடித்துக்கொண்டார்கள். உனக்கு மட்டும் கொடுத்திருக்கிறாள் பார் என்றார்கள்.

மற்ற செடிகளை அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. வடை அப்படியே மிஞ்சியது. இவர் ராத்திரிக்கும் அதையே சாப்பிட்டார்.

ஜெ. போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டாள். கீழே நான் சொன்னதையும் எழுதியிருக்கிறாள்.

ஜூலை 21, திங்கள்

எதிர்பார்த்தது போலவே, குழுவில் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு நித்யா வந்தாள். பள்ளி விட்டு வந்தேன், கேட்டில் நிற்கிறாள், இடுப்பில் குழந்தை. ஆள் பாதியாகிவிட்டாள்.

அக்காவின் செடி போய்விட்டதாம். மாடிப்படியில் அடுக்கிய தொட்டிகளைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. துக்க வீட்டில் யார் தண்ணீர் ஊற்றுவது. நிழலிலேயே வளர்ந்தது, மாடிப்படி வெயிலில் சுருண்டு, குச்சியாகக் காய்ந்துவிட்டிருக்கிறது. அவள் கவனித்துத் தூக்கிவந்து தண்ணீர் ஊற்றியும் பிழைக்கவில்லை. அதற்காக ராமசாமி அண்ணன் அழுதாராம். பாடை போகும்போதுகூட அழாதவர்.

அதைக் கேட்டபோது ஒரு கணம் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. நான் கிள்ளியதால்தானே இது பிழைத்தது. திருடிக்கு எப்படியெல்லாம் நியாயம் கிடைக்கிறது.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் செடி முன்னால் உட்கார்ந்தாள். இலையைத் தொடவில்லை. பிறகு கேட்டாள்: "அம்மா இதக் குடுக்கும்போது என்ன சொன்னாங்க சித்தி?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் முகம் அண்ணாந்து, ஒரு வாய்ச் சோற்றுக்குக் காத்திருக்கிற மாதிரி இருந்தது. வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். "பத்திரமா வச்சுக்க வாசுகி, இனிமே என்னால பாத்துக்க முடியுமோ என்னமோன்னாங்க" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த வசனம். அக்கா வாழ்க்கையில் அப்படிப் பேசியதே இல்லை.

நித்யா கண்ணை மூடிக்கொண்டு அதை ஒருமுறை முணுமுணுத்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். வார்த்தை மாறாமல் சொன்னேன்.

தொட்டியில் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம், அம்மா உங்களிடம் கொடுத்தது உங்களிடமே வளரட்டும், ஊருக்குப் போகும்போது ஒரு நுனி மட்டும் கிள்ளிக்கொள்கிறேன் என்றாள். கேட்டுவிட்டுக் கிள்ளுகிறேன் என்கிறாள்.

ஜூலை 23, புதன்

கருமாதி. போகாமல் இருக்க முடியாது. விடுப்பு போட்டேன்.

வாசலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது. கொட்டாம்பட்டியிலிருந்து வந்திருந்த அக்காவின் சொந்தக்காரர்கள், இதுவரை என்னைப் பார்த்தே இராதவர்கள், இவள்தான் அவள் என்கிற மாதிரி பார்த்தார்கள். முன்வரிசையில் இடம் கொடுத்தார்கள். ஒரு வயதான அம்மாள் என் கன்னத்தைத் தடவி, கடைசியா ஒங்கிட்டத்தான் மனசு விட்டுப் பேசிருக்கா என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கு முன்னால் உள் அறையில் சத்தம். நித்யா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். பெண்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே குறைத்துக்கொள்வேன்.

"அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. திங்கக்கெழம சாயந்தரம் எனக்குப் போன் போட்டாங்க. பிள்ளைக்குச் சோறு ஊட்டுறேன், பொறவு கூப்பிடுறேன்னு வச்சுட்டேன். கூப்பிடவே இல்ல. அதச் சொல்லத்தேன் கூப்பிட்டிருக்காங்க."

நான் வாசற்படியில் நின்றேன். உள்ளே போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

கிளம்பும்போது ராமசாமி அண்ணன் பின்னாலேயே வந்தார். கோபமாக இல்லை. கோபமாக வந்திருந்தால் தேவலை. "ஒங்கிட்ட அப்படிச் சொன்னப்ப எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லம்மா. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன்ல" என்றார்.

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நடந்தேன். அவர் வீட்டு இறப்பில் நான் ஒரு தண்டைத்தான் திருடினேன் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 24, வியாழன்

பள்ளியில் ஒரு பெண் வரைந்த மரத்தைப் பார்த்து, நிழல் எங்கே, நிழலே இல்லாமல் மரம் எப்படி நிற்கும் என்று கத்திவிட்டேன். அவள் அழுதாள். அப்புறம் கூப்பிட்டு மிட்டாய் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் இப்படி எதையாவது கொடுத்துச் சரிக்கட்டுகிறேன்.

இவரிடம் சொல்லிவிட்டேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "செத்தவ எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லப்போறாளா. வாய மூடிட்டு இரு. நீயாப் போயி ஏன் அசிங்கப்படுற?" நியாயமாகத்தான் பட்டது. நான் அவரிடம் சொன்னதே இந்தப் பதிலுக்காகத்தானோ என்னவோ.

பிறகு எழுந்துபோய்ச் சந்தில் நின்று அதைப் பார்த்தார். இது கறுப்பா இருக்கே என்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஒரு இலையின் நிறம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது.

செடி நன்றாக இருக்கிறது. புதிதாக இரண்டு இலை. பார்க்கப் பிடிக்கவில்லை. கலாடியம் விளக்கு மாதிரி நிற்பதும் பிடிக்கவில்லை. எல்லாம் சேர்ந்து என்னை வேடிக்கை பார்க்கிற மாதிரி. தண்ணீர் ஊற்றாமல் விட்டால் தானாகப் போய்விடும் என்றுகூட நினைத்தேன். இரண்டு வாளி ஊற்றிவிட்டு வந்தேன்.

ஜூலை 25, வெள்ளி

தூறல். மண் வாசனை. ஆடி வெள்ளி, தெருவில் கூழ் ஊற்றும் இடத்தில் குழாய் ஸ்பீக்கர் சத்தம்.

ஜெ. போன் செய்தாள். நித்யா சரியாகச் சாப்பிடுவதில்லையாம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், அம்மா கூப்பிட்ட அந்த நேரத்தை. அவள் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அழைத்துப்போக வருகிறார், வர மாட்டேன் என்கிறாளாம். நீ போய் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லு வாசுகி, நீ சொன்னால் கேட்பாள், கடைசியாகக் கஸ்தூரியோடு பேசியது நீதானே என்றாள் ஜெ.

போனை வைத்துவிட்டு யோசித்தேன். சொல்லிவிட வேண்டும். ஆனால் எதற்காக என்று ஒரு கேள்வி உள்ளே குடைகிறது. திங்கள்கிழமை நித்யா கண்ணை மூடி முணுமுணுத்தபோது எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எல்லோரும் என்னை முன்வரிசையில் உட்கார வைத்தபோதும் தோன்றவில்லை. அண்ணன் எனக்கு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல என்று கேட்ட பிறகுதான் தோன்றுகிறது. பாராட்டு வரும்வரை பொய் இனித்தது. பழி வந்ததும் உண்மை மேல் ஆசை வருகிறது. அந்தப் பெண் சாப்பிடவில்லை என்பதற்காகவா, இந்தப் பழியை இறக்கி வைக்கவா. இரண்டும் இருக்கலாம். எது பெரிது என்று பார்க்கப் பயமாக இருக்கிறது.

எப்படியானாலும் நாளை. சனிக்கிழமை, விடுமுறை. சாக்கு இல்லை.

ஜூலை 26, சனி

காலையிலேயே வேரோடு மண் உதிராமல் அள்ளித் தொட்டியில் வைத்தேன். இருந்த இடத்தில் குழி. மூடவில்லை. இவர் வாசலில் நின்று பார்த்தார். போகாதே என்று சொல்லவில்லை. குடையை எடுத்துக் கொடுத்தார், மழையும் இல்லை வெயிலும் இல்லை.

இரண்டு தெருவும் தொட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தேன். கஸ்தூரி அக்கா செடியா என்று பால் வாங்கிக்கொண்டிருந்த ஒருத்தி கேட்டாள். தெரு முழுக்க இந்தக் கதை போயிருக்கிறது.

கூடத்தில் அண்ணன் நாற்காலியில். நித்யா தரையில், குழந்தை மடியில் தூங்குகிறது. தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அதுக்குள்ள ஏன் சித்தி கொண்டுவந்தீங்க என்றாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் டீ வரும், டீ வந்தால் பேச்சு மாறும்.

நின்றுகொண்டே சொன்னேன். வழியில் நிறைய வார்த்தைகள் யோசித்து வைத்திருந்தேன், எதுவும் வரவில்லை. "அம்மா எனக்கு இதக் குடுக்கல நித்யா. எடுத்த அன்னைக்கு, ஒங்க மாடிப்படில இருந்து நாந்தான் கிள்ளிட்டுப் போனேன். திங்கக்கெழம நான் இங்க வரவே இல்ல. அம்மா எங்கிட்ட ஒன்னும் சொல்லல. நான் சொன்னது அம்புட்டும் பொய்."

ராமசாமி அண்ணன் மெல்ல எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது. முகம் கழுவுகிறார் என்று நினைத்தேன். சத்தம் நிற்கவே இல்லை.

நித்யா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. வெளியே போ என்று சொன்னால் போய்விடலாம். அவள் குழந்தையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். அந்த வசனத்தை உள்ளிருந்து எடுத்து வெளியே போடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. அம்மா சொன்னதாக அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதையும் நான்தான் கொடுத்தேன், நானே வாங்கிக்கொண்டேன்.

பிறகு நிமிர்ந்தாள்.

"அப்ப அம்மாவுக்குத் தெரியாதுல்ல சித்தி? ஒன்னும் தெரியாமத்தான போனாங்க? சும்மாத்தான போன் போட்டாங்க?"

என்னிடம் கேட்கிறாள். இவ்வளவையும் சொன்ன பிறகு, என்னிடம்.

தெரியாதும்மா, சும்மாத்தான் போட்டிருப்பாங்க என்றேன். உறுதியாகச் சொன்னேன். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, சரி சித்தி என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்.